பெரம்பூரில் பிறந்த துபாஷி

பிரெஞ்சு நாட்டு அரண்மனைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் நண்பர்களின் கண்கள் விரியும். வெர்சேல்சு மாளிகை, அதன் முன்னே கோலம் போட்டாற்போல் வெட்டி விடப்பட்ட பூந்தோட்டங்கள், லுவார் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் கோட்டைகள், அவற்றின் அருகிலேயே அறையெடுத்துத் தங்கி விடியற்காலையில் தோட்டத்தில் உலவும் பயணிகள் ஆகிய இவற்றையெல்லாம் படங்களில் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் யார்? திருவொற்றியூரிலிருந்து பாரிசு வெகு தூரம். ஆனால் சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டரில், இதே கடலோரத்தில், ஒரு பிரெஞ்சு அரண்மனை இருந்தது. அங்கே நாள்தோறும் சென்று வந்து, கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதி வைத்த ஒருவர் இருந்தார். அவர் நம் பெரம்பூரில் பிறந்தவர். பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை.

பள்ளிப் பாடநூலில் அவர் பெயரை ஒரே ஒரு வரியில் படித்துவிட்டு மறந்தவர்களில் நானும் ஒருவன். ‘துபாஷி’ என்று அந்த வரியில் இருந்தது. இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நாட்டு வணிகருக்கும் இடையே நின்று பேசியவர், பேரம் முடித்தவர், பிணை நின்றவர், செய்தி கொண்டுவந்தவர் எல்லாம் அவரே. வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரியில் தலைமைத் துபாஷி என்றால் கவர்னருக்கு அடுத்தபடியாக ஊரார் அஞ்சிய மனிதர் எனலாம்.

1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, சென்னையில் வணிகம் செய்தவர். அவருடைய மைத்துனர் நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவர் அழைப்பை ஏற்றுத் திருவேங்கடம் பிள்ளையும் குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார்.

குடும்பத்துக்கு வழிகாட்டிய அந்த நைனியப்பப் பிள்ளைக்கு நேர்ந்த கதியைச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. 1716-இல் கவர்னர் எபேர் அவரைச் சிறையில் அடைத்தார். பல குற்றங்கள் சாட்டப்பட்டன. கடைத்தெருவில் ஊரார் முன்னிலையில் கசையடி, சொத்துப் பறிமுதல், சிறைவாசம் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வழக்கின் காகிதங்கள் எல்லாம் பிரெஞ்சு மொழியில் இருந்தன. இரு மொழிகளுக்கு இடையே பாலமாக இருந்து பிழைத்த மனிதர், தன்னைத் தண்டித்த தாளைத் தானே படிக்க இயலாதவராக இருந்தார். அவர் இறந்த பிறகு பிரான்சு வரை முறையீடு சென்று, அந்தத் தீர்ப்பு நிலைக்காமல் போயிற்று. போன உயிர் திரும்பவில்லை.

இந்தப் பகுதியைப் படித்தபோது என் பாட்டனாரை நினைத்துக்கொண்டேன். ராயபுரத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் மூட்டை தூக்கியவர் அவர். வேலையிலிருந்து நின்ற நாளில், மேஸ்திரி நீட்டிய ஆங்கிலத் தாளில் கைநாட்டு வைத்தார். சேரவேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. பெற்றது பாதிகூட இல்லை. அந்தத் தாளை எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்துப் பொருள் சொன்னவன் நான். அப்போது பாட்டனார் மறைந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. இன்றும் எங்கள் தெருவில் வங்கிக் கடிதம், மருத்துவமனைச் சீட்டு, மின்வாரிய அறிவிப்பு எது வந்தாலும் என்னைத் தேடி வருகிறார்கள். ஆகவே துபாஷி என்ற சொல் எனக்கு வெறும் வரலாற்றுச் சொல்லாகத் தோன்றவில்லை.

நைனியப்பரின் மகன் குருவப் பிள்ளையின் கதை வேறொரு விந்தை. தந்தைக்கு நேர்ந்த அநீதியை முறையிடப் பிரான்சுக்கே கப்பலேறினார். அங்கே கிறித்தவரானார். புனித மிக்கேல் வீரப் பட்டம் பெற்றார். புதுச்சேரிக்குத் திரும்பித் தலைமைத் துபாஷியாகவும் ஆனார். 1724-இல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். ஆனந்தரங்கர் கடல் கடந்ததே இல்லை. மாமன் மகன் பிரெஞ்சு நாட்டைத் தேடிச் சென்றார். இவரோ அந்த நாடு இங்கே வந்து கட்டிக்கொண்ட மாளிகையைப் பார்த்தார்.

1726-இல் தந்தையார் காலமானபோது ஆனந்தரங்கருக்கு வயது 17. அந்த வயதில் நாமெல்லாம் பொதுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தோம்! கவர்னர் லெனுவார் அந்தக் குடும்பத்தின்பால் பரிவுடையவர். அவர் இளைஞரைப் பரங்கிப்பேட்டைக் கிடங்கின் அலுவலில் அமர்த்தினார். துணி வாங்குவது, முன்பணம் கொடுப்பது, நெசவாளர் ஊர்களிலிருந்து சரக்கு வந்து சேரக் காவல் நிற்பது, கணக்கு ஒப்புவிப்பது ஆகியவை அங்கே அவர் கற்ற தொழில்கள். பின்னாளில் சொந்தமாகவே கப்பல் ஒன்றும் வைத்திருந்தார். ‘ஆனந்தப்புரவி’ என்று அதற்குப் பெயர்.

அக்காலத்தில் புதுச்சேரியிலும் சரி, நம் சென்னையிலும் சரி, துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலையை வெட்டிக்கொண்டு ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை சலங்குப் படகுகளே. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. காசிமேட்டுக் கடலைத் தெரிந்தவர்களுக்கு அந்த வேலையின் ஆபத்து விளங்கும். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டும் பணியே 1870-களில்தான் தொடங்கியது. கம்பெனிகளின் செல்வம் அனைத்தும் அந்தப் படகோட்டிகளின் தோள்மீது சென்றது. வரலாற்று நூல்களில் அவர்கள் பெயர் ஒன்றும் இல்லை.

சென்ற பருவ விடுமுறையில் நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் புதுச்சேரி சென்றோம். கடற்கரை விடுதிகளின் வாடகையை வாசலில் நின்று கேட்டுவிட்டு, மரியாதையாகத் திரும்பி, தோழரின் அத்தை வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். அவர்கள் இருப்பது முத்தியால்பேட்டை. நம் சென்னையில் இருப்பதைப் போலவே அங்கும் ஒரு முத்தியால்பேட்டை! இங்கே ‘கறுப்பர் பட்டணம்’ இருந்ததைப் போலவே அங்கும் உண்டு. நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே வெள்ளையர் வீடுகள், மேற்கே தமிழர் வீடுகள். காலனி ஆட்சியாளர்கள் எந்த மொழி பேசினாலும் ஊரைப் பிரிப்பதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலும்.

கால்வாய்க்கு மேற்கே, பெரிய கடைப் பகுதியில், ரங்கப்பிள்ளை வீதியிலேயே அவர் வீடு இருக்கிறது. 1730-களில் கட்டியது. கீழ்த்தளம் நம் நாட்டு முறையில், மரத் தூண்களும் முற்றமுமாக அமைந்தது. மேல்தளத்தில் பிரெஞ்சு மாதிரி வெண்சுதைத் தூண்கள் நிற்கின்றன. உள்ளே செல்ல எங்களுக்கு வாய்க்கவில்லை. உட்புறத்தைப் படங்களில்தான் பார்த்தேன். தெருவில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டபோதுதான் நகர்ந்தோம். காலையில் தமிழர் வழக்கப்படி கீழே பூசையும் சாப்பாடும், பிறகு பிரெஞ்சுக்காரரோடு அலுவல் என்று அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குத் தக்கபடியே அந்த வீடும் இரண்டு மொழி பேசுகிறது என்று என் தோழர் சொன்னார். அவர் தாவரவியல் மாணவர், கவிதையும் எழுதுவார்.

அங்கிருந்து அரண்மனையைத் தேடி நடந்தோம். அது லூயி கோட்டைக்குள் இருந்தது. 1706-இல் கட்டி முடிக்கப்பட்ட, ஐந்து முனைகள் கொண்ட கோட்டை அது. இன்று அந்த இடத்தில் பாரதி பூங்கா இருக்கிறது. மரநிழலும் நடைபாதைகளும் குழந்தைகளின் கூச்சலும், நடுவே வெண்ணிற ஆயி மண்டபமுமாக, தோட்டம் அழகாகவே இருக்கிறது. அந்த மண்டபம்கூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்ததுதான். அரண்மனையின் ஒரு செங்கல்கூட எங்கள் கண்ணில் படவில்லை. அருகிலுள்ள கவர்னர் மாளிகை 1760-களில் புதிதாகக் கட்டியது. நாங்கள் தேடியது அதுவன்று.

நாங்கள் தேடிய மாளிகை 1738-இல் தொடங்கி 1752-இல் நிறைவேறியது. முடித்துவைத்தவர் துய்ப்ளேக்சு. 1742-இல் புதுச்சேரி கவர்னராக வந்த அவர், வணிகம் செய்ய வந்த கம்பெனியை நாடாளும் கம்பெனியாக்க முனைந்தவர். ஆர்க்காட்டிலும் ஐதராபாத்திலும் யார் நவாபு, யார் நிசாம் என்பதைத் தாமே முடிவு செய்ய விரும்பினார். நவாபுகள் வந்து இறங்கும் இடம் வெறும் கிடங்கு வீடாக இருக்கலாமா? ஆகவேதான் அத்தகைய மாளிகை வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் வசம் வந்த செஞ்சியிலிருந்து சிற்பத் தூண்களும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன. இன்று கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை அத்தூண்களே என்று சொல்வார்கள்.

1746-இல் முந்தைய தலைமைத் துபாஷி கனகராய முதலியார் மறைந்தார். அந்த இடத்துக்குப் போட்டி பலமாக இருந்தது. முதலியார் குடும்பம் கிறித்தவக் குடும்பம். பாதிரிமார் அவர்கள் பக்கம். துய்ப்ளேக்சு ஆனந்தரங்கரையே நம்பினார். கவர்னரின் துணைவியார் ழான் அம்மையாருக்கோ இவரைக் கட்டோடு பிடிக்கவில்லை. அதற்குச் சமயத்தைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. அந்த அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். கவர்னருக்குத் தமிழ் தெரியாத வரையில்தான் துபாஷிக்கு மதிப்பு. கவர்னரின் வீட்டுக்குள்ளேயே தமிழறிந்த ஒருவர் இருந்தால்? ஒரே தொழிலில் இருவர் இருந்தார்கள் என்றே கொள்ளலாம்.

எதிர்ப்புகளைத் தாண்டி அவர் உயர்ந்தார். 1749-இல் முசாபர் சங்கு அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் பட்டமும் செங்கற்பட்டுச் சாகீரும் அளித்தார். கவர்னர் மாளிகை முற்றம் வரை வாத்தியம் முழங்கப் பல்லக்கில் வரலாம். பொற்பூண் பிடித்த கைத்தடி வைத்திருக்கலாம். கவர்னரின் அலுவல் அறையில் செருப்போடு நடக்கலாம். இந்தச் சலுகைகள் இன்று நமக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். கடைத்தெருவில் கசையடி பட்ட மாமனின் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு அந்தச் செருப்பின் ஓசை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். புலவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். தியாகராச தேசிகர் தமிழில் ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். 1752-இல் சீனிவாச கவி வடமொழியில் ‘ஆனந்தரங்க விசய சம்பு’ இயற்றினார். தெலுங்கிலும் ஒரு நூல் உண்டு.

இவ்வளவும் இருந்தும் அவர் வெறும் பணக்காரத் துபாஷியாகவே மறைந்திருப்பார். அவரை நிலைநிறுத்தியது 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் எழுதத் தொடங்கிய தினப்படிக் குறிப்பு. அப்போது வயது 27. கணக்கேடு போன்ற பெரிய ஏடுகளில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். இன்ன கப்பல் வந்தது, இத்தனை பீரங்கி முழங்கிற்று, இன்ன சரக்கு இன்ன விலை, கவர்னர் இன்றைக்குச் சினமாக இருந்தார், இன்ன வணிகர் பொய் சொன்னார், நாளும் கோளும் எப்படி என்று அத்தனையும் அதில் உண்டு. ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமையையும் அவர் குறிக்காமல் விடவில்லை. இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பீசு என்பவர் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்போடு இதை ஒப்பிடுவது அறிஞர் வழக்கம். பெப்பீசு எழுதியது பத்தாண்டுகூட இல்லை என்பதை நாம் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அவருடைய தமிழ் இலக்கணத் தமிழ் அன்று. நாவில் வந்த பேச்சுத் தமிழை அப்படியே எழுதினார். கும்பனி, குவர்னதோர், முசே என்று போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் அதில் புகுந்து விளையாடும். புள்ளி இல்லை, நிறுத்தம் இல்லை. ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். தமிழ் விரிவுரையாளர்கள் என்மீது வருத்தம் கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒன்று சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் நம் பாட்டன்மார் கடைத்தெருவில் எப்படிப் பேசினார்கள் என்பதை எந்தச் செய்யுள் நூலும் இவ்வளவு நெருக்கமாகக் காட்டுவதில்லை. புலவர்களுக்குப் பரிசு தந்து பாட்டுக் கேட்டவர், தாம் எழுத உட்கார்ந்தபோது கணக்குப்பிள்ளைத் தமிழையே எடுத்துக்கொண்டார். நல்ல வேளை!

நம் ஊரின் கதையும் அதில் இருக்கிறது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பணம் பெற்றுக்கொண்டு ஊரைத் திருப்பித் தரலாம் என்பது அவர் எண்ணம். கூடாது என்றார் துய்ப்ளேக்சு. இருவருக்கும் மூண்ட பகையை, மாளிகைக்குள் நின்று கேட்டவராகப் பிள்ளை எழுதுகிறார். பிறந்த ஊர் வீழ்ந்த செய்தி, பிழைக்க வந்த ஊரில் வெற்றி விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அவரும் வாழ்த்துச் சொல்லி நிற்கிறார். பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த சென்னையில் கோட்டையை ஒட்டியிருந்த நம்மவர் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 1748-இல் செய்த உடன்படிக்கையின்படி மறு ஆண்டு ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பிற்று. வீடிழந்தவர்களுக்கு எந்த உடன்படிக்கையும் இல்லை.

1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, பழைய வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். பிள்ளை வேதனையோடு எழுதுகிறார். தடுக்க அவரால் முடியவில்லை. தடுக்கும் அளவுக்குத் துணியவும் இல்லை என்றே நான் எண்ணுகிறேன். அவரைத் தியாகியாக்கிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. துய்ப்ளேக்சை வானளாவப் புகழ்வார். தம் பெருமையைச் சொல்லிக்கொள்ளத் தயங்கமாட்டார். சாதி உயர்வு தாழ்வை இயல்பென்றே கொண்டிருந்தார். ஆனால் தமக்கு இழிவு தரும் செய்தியையும், தாம் அஞ்சி நின்ற நாளையும் ஏட்டிலிருந்து மறைக்கவில்லை.

அரண்மனை வாழ்வு நீடிக்கவில்லை. போர்ச் செலவைக் கண்டு மிரண்ட பாரிசுக் கம்பெனி, 1754-இல் கொதே என்பவரை அனுப்பித் துய்ப்ளேக்சைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பதினான்கு ஆண்டுகள் கட்டிய மாளிகையில் இரண்டே ஆண்டுகள் இருந்துவிட்டு அவர் கப்பலேறினார். கம்பெனிக்காகச் செலவிட்ட தம் பணத்தைக் கேட்டு வழக்காடியே 1763-இல் பாரிசில் வறுமையில் இறந்தார். பிள்ளையின் செல்வாக்கும் சரிந்தது. உடல்நலம் கெட்டது. 1756-இல் பதவி போயிற்று. கடன் கொடுத்த இடங்களிலிருந்து பணம் திரும்பவில்லை. ஏட்டில் எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. முடியாத நாட்களில் பிறரைக் கொண்டு எழுதுவித்தார்.

1760 சனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்துக்கொண்டனர். ஊருக்குள் பஞ்சம். 1761 சனவரி முதல் நாள் வீசிய புயல் ஆங்கிலேயக் கப்பல்களைச் சிதறடித்தபோது, பிழைத்தோம் என்று ஊரார் நம்பியிருக்கக்கூடும். அந்த நம்பிக்கை இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. சனவரி 12-ஆம் நாள் ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடினார், வயது 51. சனவரி 16-ஆம் நாள் கோட்டை சரணடைந்தது. 1758-இல் லாலி கடலூரை அடுத்த செயிண்ட் டேவிட் கோட்டையைத் தகர்த்ததற்குப் பழிவாங்குவதுபோல, ஆங்கிலேயர் லூயி கோட்டையையும் அதனுள்ளிருந்த அரண்மனையையும் வெள்ளையர் பட்டணத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். ஒன்பது ஆண்டுகள்கூட முழுதாக நிற்காத மாளிகை! 1761-க்கு முற்பட்ட கட்டடங்களில் இன்று புதுச்சேரியில் எஞ்சியிருப்பவை மிகச் சில. துபாஷியின் வீடு அவற்றுள் ஒன்று.

அவருடைய ஆண்மக்கள் முன்பே இறந்துவிட்டார்கள். தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை ஏட்டை எடுத்துத் தொடர்ந்து எழுதினார். பிறகு அந்தக் கட்டுகள் வீட்டிலேயே தூங்கின. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் நூல் வடிவம் பெறத் தொடங்கியதோ 1948-இல்தான். எழுத்தாளர் பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளைக் கொண்டே ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற நாவல்களைப் படைத்தார். இரண்டாவது நாவலுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

அரசு அச்சகம் இருப்பது தங்கசாலையில். பெரம்பூரிலிருந்து பேருந்தில் சிறிது நேரம்தான். அந்தப் பையன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, அவன் எழுத்து அந்த வழியே ஊர் திரும்பியிருக்கிறது. நான் இப்போது தமிழ்த் தொகுதிகளில் முதலாவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேகம் நாளொன்றுக்கு நான்கு பக்கம். பழைய சொற்களில் பல விளங்கவில்லை. சலங்கு, நங்கூரம் என்று வரும் இடங்களை மட்டும் என் தந்தையாருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். அவற்றுக்குப் பொருள் அவர் சொல்கிறார்.